சாட்சி சொல்லி முடித்த பிறகு

நம் சபைகளில் 'சாட்சி' சொல்கிற வழக்கம் ஒன்று உண்டு. பெந்தெகொஸ்தே கூட்டங்களில் அதிகம். சி.எஸ்.ஐ. சபைகளில் வருடக் கடைசி ஆராதனை மாதிரி சமயங்களில் கொஞ்சம். கல்லூரிகளில் நடக்கும் மாணவர் ஜெபக்குழுக்களில் ரொம்பவே அதிகம். கேட்டுப் பழகியவர்களுக்கு அதன் அமைப்பு மனப்பாடமாகியிருக்கும். முன்பு நான் இப்படி இருந்தேன். இன்ன வருஷம், இன்ன தேதி, இன்ன கூட்டத்தில் கர்த்தர் என்னைத் தொட்டார். இப்போது இப்படி இருக்கிறேன். 'முன்பு' பகுதியில் குடி, சிகரெட், சினிமா, கெட்ட சகவாசம். 'இப்போது' பகுதியில் ஜெபம், வேதவாசிப்பு, ஊழியம். நடுவில் ஒரு தேதி.

சாட்சி சொல்கிறவர்களைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. அவர்களில் பலர் உண்மையிலேயே மாறியவர்கள். அவர்களுடைய வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். என் சந்தேகம் வேறு. மனந்திரும்புதல் என்பது ஒரு தேதியாக ஆகிவிட்டால், அந்தத் தேதிக்குப் பிறகு அந்த மனிதரிடம் அதற்கு என்ன வேலை மிச்சம்? கணக்கு முடிந்தது, கையெழுத்துப் போட்டாயிற்று, நோட்டை மூடியாயிற்று. ஆவிக்குரிய பெருமை என்று நாம் சொல்வது இந்த மூடிய நோட்டில்தான் குடியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பெருமை என்றதும் நமக்கு மார்தட்டுகிற ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறார். அந்தப் பெருமை பரவாயில்லை, தூரத்திலேயே தெரிந்துவிடும். ஆவிக்குரிய பெருமை தாழ்மையாகவே பேசும். "நான் ஒண்ணுமில்ல பிரதர், எல்லாம் அவர் கிருபை" என்று சொல்லும். லூக்கா 18-ல் வரும் பரிசேயனைக் கவனித்துப் படியுங்கள். அவன் ஜெபத்தை ஆரம்பிப்பதே நன்றி சொல்லித்தான்! தன் திறமையால் நல்லவனானேன் என்று அவன் எங்கேயும் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், எல்லாவற்றிலும் தசமபாகம் என்று அவன் சொல்வதில் பொய்யும் கிடையாது. இன்றைக்கு அப்படி ஒருவர் இருந்தால் அவரைச் சபைக் கமிட்டியில் போட்டிருப்போம். அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: கேட்பதற்கு எதுவும் இல்லை. அந்த ஜெபம் முழுக்கத் தேடிப் பாருங்கள், ஒரு விண்ணப்பம்கூட இல்லை. ஆயக்காரனுக்குக் கேட்க ஒன்று இருந்தது.

இதைப் படித்துவிட்டு "நல்லவேளை, நான் அந்தப் பரிசேயன் மாதிரி இல்லை" என்று நினைத்தால் என்ன ஆகும் என்பது பழைய ஜோக். பிரசங்கங்களில் அடிக்கடி சொல்வார்கள். ஆனால் அதில் ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது. தாழ்மையை ஒருவர் முயன்று அடைந்தால், அடைந்த தாழ்மையே அடுத்த பெருமைக்கு விறகு.

இந்தச் சிக்கலை முதலில் கண்டுபிடித்து எழுதியவர்கள் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த துறவிகள். நான்காம் நூற்றாண்டில் அங்கே இருந்த எவாக்ரியுஸ், துறவியைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களைப் பட்டியல் போட்டார். பெருந்தீனியில் தொடங்குகிறது, வீண்புகழிலும் பெருமையிலும் முடிகிறது. அந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு. சாப்பாட்டு ஆசை துறவறம் தொடங்குகிறவனைத் தாக்கும். கடைசி இரண்டும் மற்றதையெல்லாம் ஜெயித்தவனைத்தான் தாக்கும். அவருடைய எழுத்துக்களின் செல்வாக்கில் எழுதிய ஜான் காசியன், வீண்புகழை வெங்காயத்தோடு ஒப்பிடுகிறார். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல். (வெங்காயம் என்றதும் நம் ஊரில் வேறொருவர் ஞாபகத்துக்கு வருவார். காசியன் அவருக்குச் சுமார் 1500 வருடம் மூத்தவர்.) நல்ல உடை உடுத்தினால் அதில் புகழ் வரும், கந்தல் உடுத்தினால் கந்தலில் வரும். உபவாசத்தைச் சொல்லிக்கொண்டால் ஒரு பெருமை. சொல்லாமல் மறைத்தால், மறைத்தேன் என்பதில் இன்னொரு பெருமை.

அப்படியானால் வழியே இல்லையா? தன்னைத் தானே தோண்டிப் பார்த்துக்கொண்டே இருப்பதால் வழி பிறக்காது என்று நினைக்கிறேன். தோண்டுகிறவனும் அவன்தான், பார்வையாளனும் அவன்தான். இதற்கு ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, ஆனால் பெரும்பாலும் தப்பாகச் சொல்லப்படுகிற கதை.

'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டனைப் பற்றிப் பிரசங்கங்களில் சொல்வது இதுதான். அவர் அடிமை வியாபாரக் கப்பலின் தலைவன். ஒரு நாள் நடுக்கடலில் புயல். பயந்து கடவுளைக் கூப்பிட்டார், இரட்சிக்கப்பட்டார், அந்தப் பாவத் தொழிலை விட்டார், பாட்டு எழுதினார். அருமையான சாட்சி. முன்பு, தேதி, இப்போது, மூன்றும் கச்சிதமாக இருக்கின்றன.

நடந்தது அப்படியல்ல. புயல் அடித்தது 1748 மார்ச்சில், 'கிரேஹவுண்ட்' என்ற கப்பலில். அப்போது அவர் கப்பல் தலைவன் கிடையாது. தலைவன் ஆனதே புயலுக்குப் பிறகுதான்! அதே வருடம் அடிமைக் கப்பல் ஒன்றில் துணை அதிகாரியாகச் சேர்ந்தார். 1750-ல் 'டியூக் ஆஃப் ஆர்கைல்' கப்பலுக்குத் தலைவர். பின் 1752 முதல் 1754 வரை 'ஆப்பிரிக்கன்' என்ற கப்பலில் இரண்டு பயணங்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கி, அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் கொண்டுபோய் விற்கும் வேலை. அந்த வருடங்களில்தான் அவர் வேதத்தை ஊன்றிப் படித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் ஊழியர்களைக் கூட்டி ஆராதனை நடத்தினார். மேல்தட்டில் ஜெபம், கீழ்த்தட்டில் சங்கிலி. இரண்டும் ஒரே கப்பலில்.

அவருடைய கப்பல் நாட்குறிப்பு பின்னாளில், 1962-ல், அச்சில் வந்தது. அதில் 1752 டிசம்பரில் ஒரு பதிவு. அடிமைகள் கலகம் செய்யத் திட்டமிடுவதாகச் சந்தேகம் வந்தது. சில சிறுவர்களைப் பிடித்து, கட்டைவிரலை நசுக்கும் திருகில் லேசாக மாட்டி, அவர்களிடமிருந்து ஒப்புதலை வரவழைத்ததாக எழுதியிருக்கிறார். பாவ அறிக்கையைப் பற்றி அவ்வளவு படித்த மனிதர்! தன் அறையில் அவர் கடவுளிடம் தானாகவே அறிக்கை செய்கிறார். கீழே திருகு போட்டு அறிக்கை வாங்குகிறார். இரண்டுக்கும் நடுவில் எந்த முரணும் அவருக்குத் தெரியவில்லை.

1754-ல் கடலை விட்டார். மனச்சாட்சி உறுத்தி விடவில்லை. அடுத்த பயணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் திடீரென்று வலிப்பு மாதிரி உடல்நலக் குறைவு, அதனால் விட்டார். பிறகு லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. 1764-ல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்ற சிறிய ஊருக்குப் போதகர். அதே வருடம் தன் வாழ்க்கைக் கதையைக் கடித வடிவில் வெளியிட்டார். நூல் நன்றாகப் பரவியது. அதில் அவர் மனம் வருந்தி எழுதுவது தூஷண வார்த்தைகள், ஒழுக்கக்கேடு, நாத்திகப் பேச்சு பற்றி. அடிமை வியாபாரத்தைப் பற்றி? அதில் ஈடுபட்டிருந்த காலத்தில் அது தவறு என்று தனக்குத் தோன்றவே இல்லை, தன்னை ஒரு ஜெயிலர் மாதிரி நினைத்துக்கொண்டேன், இதைவிட மனிதத்தன்மையுள்ள தொழில் கிடைக்க ஜெபித்தேன் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அந்தப் புகழ்பெற்ற பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டு, 1779-ல் ஓல்னிப் பாடல் தொகுப்பில் அச்சானது. அப்போதும் இந்த விஷயத்தில் மௌனம்தான்.

புயலுக்குப் பிறகு ரொம்ப நாள் வரை தான் முழுமையான விசுவாசியாக இருக்கவில்லை என்று நியூட்டனே எழுதியிருக்கிறார். அதை வைத்து, கப்பல் தலைவனாக இருந்தபோது அவர் உண்மையில் மனந்திரும்பியவர் அல்ல என்று சிலர் வாதிடுவார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1764-ல்? 1773-ல்? அப்போது அவர் போதகர். ஆயிரக்கணக்கானவர்களை மனந்திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவரைப் பொய்யர் என்றோ வேஷக்காரர் என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையிலேயே உருகித்தான் அந்தப் பாட்டை எழுதியிருப்பார். இதுதான் பயமுறுத்துகிற விஷயம். அவர் உருகியது அன்றைய பக்தியுள்ள சமுதாயம் 'பாவம்' என்று பெயர் வைத்திருந்தவற்றுக்காக. அந்தச் சமுதாயத்துக்குச் சோறு போட்ட பாவம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் உள்ளதையெல்லாம் அறிக்கை செய்து முடித்த மனிதனுக்கு, பட்டியலே தப்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் எங்கிருந்து வரும்?

1788-ல் அவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார், ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றி. புயல் அடித்து 40 வருடம், கடைசிக் கப்பல் பயணம் முடிந்து 34 வருடம் ஆகியிருந்தது. அப்போது அவர் லண்டனில் பெயர் பெற்ற போதகர், வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தன் பெயரைப் போட்டு வெளியிட்டார். இது தன் பகிரங்க அறிக்கை, நடந்துபோன கேட்டைத் தடுக்கவோ சரிசெய்யவோ முடியாத அளவுக்குத் தாமதமாய் வந்த அறிக்கை என்று அதில் சொல்கிறார். அதற்குப் பிறகு அவர் தன் ஆத்துமாவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கப்பலைப் பற்றிப் பேசுகிறார். கீழ்த்தட்டின் உயரம் எவ்வளவு, எத்தனை வரிசையாகப் படுக்கவைத்தார்கள், திரும்பிப் படுக்க இடம் இருந்ததா, எத்தனை பேர் செத்தார்கள், பெண்களுக்கு என்ன நடந்தது. 1790-ல் பார்லிமெண்ட் கமிட்டி முன்னால் போய் இதையே சாட்சியாகச் சொன்னார்.

அதுவும் சாட்சிதான், கவனியுங்கள். ஆனால் முதல் சாட்சியில் கதாநாயகன் நியூட்டன். இரண்டாவது சாட்சியில் கதாநாயகனே கிடையாது, கப்பலின் அடியில் கிடந்தவர்கள்தான் இருக்கிறார்கள். தன்னைப் பற்றிய பேச்சு குறைந்துபோன அந்த இடத்தில் பெருமைக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. வெங்காயத்தை உரிப்பதை நிறுத்திவிட்டு, யாருக்கு அநியாயம் செய்தோமோ அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று சொல்லலாம். மனந்திரும்புதல் என்ற நம் தமிழ் வார்த்தை இந்த விஷயத்தில் நன்றாகவே அமைந்திருக்கிறது. கிரேக்கத்தில் 'மெட்டனோயா' என்றால் மனம் மாறுவது. எபிரேயத்தில் 'ஷூப்' என்றால் திரும்பி நடப்பது. தமிழில் மனமும் இருக்கிறது, திரும்புவதும் இருக்கிறது. நாம்தான் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

லூக்கா சுவிசேஷத்திலும் இந்த இரண்டாம் பாதி அடுத்த அதிகாரத்திலேயே வருகிறது. 18-ம் அதிகாரத்தில் மார்பில் அடித்துக்கொண்டவன் ஒரு ஆயக்காரன். 19-ல் சகேயு, அவனும் ஆயக்காரன், அதிலும் தலைவன். சகேயு அழுததாக அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்கிறான். அரை, நாலு என்று கணக்குதான் பேசுகிறான். நம் கூட்டங்களில் கண்ணீர் இருக்கிறது, கணக்கைக் காணோம்.

நியூட்டன் தானாக 1788-க்கு வந்து சேரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1787-ல் லண்டனில் அடிமை வியாபார ஒழிப்புச் சங்கம் ஆரம்பமாகியிருந்தது. அதற்கும் முன்னால், 1785 டிசம்பரில், இளம் பார்லிமெண்ட் உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் தன் ஆத்தும குழப்பத்தோடு அவரைத் தேடி வந்தார். அரசியலை விட்டுவிடாதே என்று நியூட்டன் அவருக்குப் புத்தி சொன்னார். பிறகு அந்த இளைஞர் எடுத்த போராட்டம் நியூட்டனையே சாட்சிக் கூண்டில் கொண்டுபோய் நிறுத்தியது. தாவீதுக்கும் அப்படித்தானே நடந்தது? பத்சேபாளை எடுத்துக்கொண்டு உரியாவைக் கொன்ற பிறகும் அவனுக்கு நியாய உணர்வு செத்துவிடவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரன் கதையை நாத்தான் சொன்னதும் கோபத்தில் துடித்து, நாலு மடங்கு திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறான். தீர்ப்பு சரி, குற்றவாளி யார் என்பதுதான் தெரியவில்லை. அதைச் சொல்ல வெளியிலிருந்து ஒருவன் வரவேண்டியிருந்தது.

பெருமையை ஜெயிப்பது எப்படி என்று கேட்கிறவர்களிடம் இன்னும் ஜெபியுங்கள், இன்னும் தாழ்த்துங்கள் என்று சொல்வதைவிட, உங்கள் வீட்டுக்குள் நாத்தான் நுழைய கதவு திறந்திருக்கிறதா என்று கேட்பது பயன் தரும் என்று நான் நினைப்பது இதனால்தான். பெரும்பாலான ஊழியக்காரர்களைச் சுற்றி நாத்தானுக்கு அனுமதி கிடையாது. 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்ற ஒரே வரியில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். தாவீதும் அபிஷேகம் பண்ணப்பட்டவன்தான் ஐயா!

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மன்னிக்கப்பட்ட பாவத்தை மறுபடி மறுபடி கிளறுவது அவிசுவாசம், பிசாசு குற்றப்படுத்துவதற்கு இடம் கொடுப்பது, கிருபை போதும் என்பார்கள். குற்ற உணர்ச்சியிலேயே முங்கிக் கிடப்பவர்களுக்கு இந்த வார்த்தை மருந்துதான். ஆனால் கிருபையை நம்புகிறவன்தானே பழைய நோட்டைப் பயமில்லாமல் திறக்கவேண்டும்? தண்டனைக்குப் பயப்படுகிறவன் மறைப்பான், சரி. மன்னிப்பு நிச்சயம் என்கிறவன் ஏன் மறைக்கவேண்டும்? நியூட்டன் 1788-ல் கிருபையை விட்டுவிட்டு அறிக்கை எழுதவில்லை. கிருபையைப் பற்றி நடுவயதில் பாடினதை அறுபது வயதுக்கு மேல் காசாக்கினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கதை இங்கிலாந்தோடு முடிந்திருந்தால் நமக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முடியவில்லை. லண்டனில் முதிய வயதில் நியூட்டன் ஆலோசனை சொன்ன இளைஞர்களில் ஒருவர் டேனியல் வில்சன். அவர் பிற்பாடு கல்கத்தா பிஷப் ஆனார். தென்னிந்தியச் சபைகளும் அன்று அவருக்குக் கீழேதான். 1833-ல், பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறிய அதே வருடத்தில், வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, முழுக்க ஒழியவேண்டும். தனித்தனி இருக்கை கூடாது, நற்கருணையில் முன் பின் கூடாது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் இதை ஏற்காமல் வெளியேறினார்கள். இவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் அல்ல. விக்கிரகத்தை விட்டவர்கள், வேதம் தெரிந்தவர்கள், கீர்த்தனை பாடுகிறவர்கள். அவர்கள் சொன்ன வாதம், சாதி மதம் சம்பந்தப்பட்டதல்ல, சமுதாய மரியாதை சம்பந்தப்பட்டது என்பது. அதாவது, அது பட்டியலில் இல்லை.

வில்சன் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அன்றைய இங்கிலாந்துச் சபைகளில் வாடகை கட்டுகிறவர்களுக்குத் தனிப் பெஞ்சு, ஏழைகளுக்குத் தனி இடம். அதைத் தஞ்சாவூர்க்காரர் யாராவது திருப்பிக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பதுண்டு. ஆனாலும் நாத்தான் ஒழுங்கானவனா என்று விசாரிப்பது தாவீதின் வேலை இல்லை.

1833-க்குப் பிறகு சுமார் இருநூறு வருடம் ஓடப்போகிறது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி ஒற்றுமை பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்தோம். இன்றும் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய ஊர்கள் இருக்கின்றன, கத்தோலிக்கரிலும் உண்டு, மற்றவர்களிலும் உண்டு. கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களில் 'இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற' என்று எழுதி, பக்கத்திலேயே சாதியையும் எழுதுகிறோம். அந்த விளம்பரம் கொடுக்கிறவர் மேடையேறிச் சாட்சி சொன்னால் அதில் சினிமா வரும், சிகரெட் வரும். இது வராது. ஞாயிறுதோறும் சபையார் எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்கிற பொதுப் பாவ அறிக்கையிலும் வராது. பொதுவாகச் சொல்கிற அறிக்கையின் சௌகரியமே அதுதான். எல்லோரும் பாவி என்றால் யாருக்கும் குறிப்பாக உறுத்தாது. கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனம் இந்த இடத்தில் ஒரு படி மேல். ஒரு மனிதர் காது கேட்க, இன்ன பாவம் என்று பெயர் சொல்லியாகவேண்டும். பரிகாரமும் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கூண்டுக்குள்ளும், அநியாயம் செய்யப்பட்டவருக்கு நாற்காலி கிடையாது.

நியூட்டனை ரொம்பத் தூக்கிவிட்டதாகத் தோன்றுகிறது, அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1807 மார்ச்சில் அடிமை வியாபாரத் தடைச் சட்டம் நிறைவேறியது. பார்வை மங்கி, எண்பது வயதைத் தாண்டியிருந்த நியூட்டன் அதைக் கேட்டுவிட்டு அந்த டிசம்பரில் இறந்தார். தன் கல்லறை வாசகத்தைத் தானே எழுதி வைத்திருந்தார். தன்னை முன்னாள் அவிசுவாசி என்றும், ஒழுக்கம் கெட்டவன் என்றும், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு வேலைக்காரனாக இருந்தவன் என்றும் அதில் சொல்கிறார். கடைசியாகச் சொன்னது உண்மைதான். இளம் வயதில், சியரா லியோன் பக்கம், ஒரு வியாபாரியிடம் அகப்பட்டு அப்படிக் கஷ்டப்பட்டிருக்கிறார். ஆனால் அவர் அடிமைகளுக்கு வேலைக்காரனாக இருந்ததைவிட அதிக காலம் அடிமைக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவர். அந்தக் கல்லில் அது இல்லை. அதைத் தெரிந்துகொள்ள 1788-ல் வந்த பிரசுரத்தைத் தனியாகத் தேடி எடுத்துப் படிக்கவேண்டும்.